நகர வளர்ச்சிக்கு எஞ்சியிருக்கும் நிலம்: ஆவடி, அண்ணனூர் வட்டாரத்தை முன்வைத்து

வருங்கால வளர்ச்சிக்கான நில ஆய்வு மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறது. எத்தனை பேர் வருவார்கள், அவர்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும், அந்த இடம் எங்கே இருக்கிறது? முதல் இரண்டுக்கும் மக்கள்தொகைக் கணிப்பு ஓரளவு கைகொடுக்கும். 2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பெருநகர்ப் பகுதியில் 2026-இல் சுமார் 1.25 கோடிப் பேர் வாழ்வார்கள் என்று கணித்தது. மூன்றாம் கேள்விக்குத்தான் தாலுகா அலுவலகத்துப் பதிவேடு வரை போக வேண்டியிருக்கிறது.

ஆவடி மாநகராட்சியில் அடங்கும் அண்ணனூர் வட்டாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. செயற்கைக்கோள் படத்தில் இங்கே இடம் தாராளமாகத் தெரிகிறது. அந்தத் தாராளத்தில் பெரும்பங்கு விற்பனைக்கே வராது. 1961-இல் அமைந்த கனரக ஊர்தித் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் வளாகம் எல்லாம் மத்திய அரசின் வசம் உள்ளவை. அண்ணனூர் மின்ரயில் பணிமனை ரயில்வேக்கு உரியது. 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகை 3,45,996. பரப்பு ஏறத்தாழ 65 சதுர கிலோமீட்டர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 5,300 பேர் என்று வரும். இது ஏமாற்றும் எண். வளாகங்களையும் ஏரிகளையும் கழித்த பிறகு வகுத்தால்தான் குடியிருப்புத் தெருக்களின் நெருக்கம் புலப்படும்.

அடுத்துக் கழிக்க வேண்டியது தண்ணீர் போகும் வழி. பக்கத்திலுள்ள அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் போகிறது. ஏரியை மட்டும் குறித்தால் போதாது. வரத்துக்கால்வாய், கலங்கல், தாங்கல் எல்லாவற்றையும் புலப்படத்தில் தேடிக் குறிக்க வேண்டும். கோடையில் வாய்க்காலும் காலி மனை போலத்தான் கிடக்கும். ஆவடிக்கு வடக்கே செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடங்களுக்கு முழுமைத் திட்டமே கட்டுப்பாடு விதித்திருக்கிறது.

எஞ்சும் பட்டா நிலமும் முழுதாக வீடாகாது. 100 ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு 25 ஏக்கர் போனால் மிச்சம் 75. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக உள்ளதில் 10 விழுக்காடு திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும், 67.5 ஏக்கர் நிற்கும். கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி என்றால் 1,225 கிரவுண்ட். ஒரு கிரவுண்டில் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் என்றால் 4,900 பேர். மூன்று குடும்பம் என்றால் 14,700 பேர். பள்ளி, கடை, தண்ணீர்த்தொட்டிக்கு விட வேண்டியது இதில் சேரவில்லை. ஆக, நிலத்தின் அளவைப் போலவே மாடிகளின் எண்ணிக்கையும் கணக்கைத் தீர்மானிக்கிறது. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வராத இடத்தில் மாடி கூட்டுவது வீண்.

ஆய்வுகள் பெரும்பாலும் தவறவிடுவது, பிரித்து விற்று முடிந்த மனைப்பிரிவுகளுக்குள் கிடக்கும் காலி மனைகளை. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில், முறையான திட்ட அனுமதி இல்லாமல் விற்கப்பட்டவை பல. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்ட மனையில் இன்றைக்கு வீடும் வராது, அது விலைக்கும் வராது. இதைக் கிடைக்கும் நிலமாகக் காட்டுவது தவறு. இல்லையென்று தள்ளுவதும் தவறு. இத்தனை ஆண்டில் இத்தனை பங்கு கட்டப்படும் என்று அனுமானித்துத் தனி வரிசையில் காட்டுவதே முறை.

இப்படி நிலத்தைக் கணக்கிடுவதைச் சட்டமே கட்டாயமாக்கிய இடமும் உண்டு. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 1973-இல் இயற்றிய சட்டத்தின் வழியே ஒவ்வொரு நகரும் வளர்ச்சி எல்லை வகுத்தது. அந்த எல்லைக்குள் 20 ஆண்டுத் தேவைக்கான நிலம் இருப்பதைக் கணக்குக் காட்ட வேண்டும். சென்னைப் பெருநகரின் எல்லையோ 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எல்லையை விரிப்பதற்கு ஓர் அரசாணை போதும். உள்ளே இருக்கும் மனைகளை எண்ணுவது அவ்வளவு எளிதல்ல.

அந்த எண்ணிக்கையில் பதிவேடுகளும் முரண்படும். வாங்கியவர் பெயருக்கு உட்பிரிவுப் பட்டா மாறாத மனை, வருவாய்க் கணக்கில் இன்னும் பழைய உரிமையாளரின் வயலாகவே இருக்கும். ஆகவே சர்வே எண் வாரியாகச் சிட்டாவையும் வில்லங்க விவரத்தையும் ஒப்பிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலருடன் நேரில் நடந்து சரிபார்த்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்.