உங்கள் காரை யார் ஓட்டுகிறார்கள்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மழைநீர் வடிகால் விவாதம் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டதால் எனக்குக் கொஞ்ச நேரம்தான் மிச்சம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பலர் கேட்கும் கேள்வி இது: "பையனும் இப்போது வண்டி ஓட்டுகிறான். அவன் பெயரையும் பாலிசியில் சேர்க்கணுமா? சேர்த்தால் பிரீமியம் எவ்வளவு ஏறும்?"

ஒரு ரூபாயும் ஏறாது. ஓட்டுநர்கள் பெயரை எழுதிக் கேட்கும் வழக்கமே இங்கே இல்லை. நம் நாட்டில் இன்சூரன்ஸ் வண்டிக்கு. இன்ஜின் எத்தனை சி.சி., வண்டிக்கு என்ன வயது, இன்றைய மதிப்பு என்ன, எந்த ஊரில் பதிவானது, நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்பவைதான் கணக்கில் வரும். தேர்ட் பார்ட்டி பகுதிக்கு அரசே விலை வைத்திருக்கிறது. 2022 ஜூன் முதல் வந்த பட்டியலில் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, வரி தனி. நேற்று லைசென்ஸ் வாங்கிய பையன் ஓட்டினாலும் முப்பது வருடம் ஓட்டிய நீங்கள் ஓட்டினாலும் அதே தொகைதான்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் அதிகம். அமெரிக்காவில் வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லோரையும் கம்பெனி கேட்கும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையைச் சேர்த்தால் பிரீமியம் தாவும். பிரிட்டனில் மகன் ஓட்டும் காருக்கு அப்பாதான் முக்கிய ஓட்டுநர் என்று எழுதிக்கொடுத்துப் பிரீமியத்தைக் குறைத்தால் அது மோசடிக் கணக்கில் சேரும். ஆறு மாதம் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன் மகளையோ மகனையோ அவர்கள் கம்பெனியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் கம்பெனி முன்கூட்டிக் கேட்பதில்லை. விபத்துக்குப் பிறகு கேட்கும். கிளெய்ம் படிவத்தில் வண்டியை ஓட்டியவர் யார், லைசென்ஸ் எண் என்ன, எதுவரை செல்லும் என்று கட்டங்கள் இருக்கும். விபத்து நடந்த நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் 'எல்' போர்டு வேண்டும், லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போது நம் பேஸ்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கார் துடைக்க வருகிறவரிடமோ வாட்ச்மேனிடமோ சாவியைக் கொடுத்து "கொஞ்சம் நகர்த்திப் போட்டுடுப்பா" என்கிறோம். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தூணில் இடித்தால் செலவு நம் பையிலிருந்துதான். யாராவது அடிபட்டால் இன்னும் சிக்கல். லைசென்ஸ் விஷயத்தில் உரிமையாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொல்லியிருக்கிறது. கேட்காமலே சாவியைக் கொடுத்தவருக்கு எதிராக அதைக் காட்டுவது கம்பெனிக்குக் கஷ்டமா என்ன? அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்கும்.

காம்பவுண்டுக்குள்தானே என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஒரு நாள் கேட்டைத் தாண்டினால் 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை.

இங்கே 55 தாண்டியவர்கள் நிறைய. அந்த வயதுக்குப் பிறகு லைசென்ஸை ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. அதே திருத்தத்தில் அது போய்விட்டது. இன்று இரவே தேதியைப் பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான். உங்கள் பாலிசியில் 'ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம்' என்று ஒரு வரி இருக்கும். கார் ஓட்டுகிறவருக்கு 15 லட்சம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாலிசி வாசகப்படி அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும், அதுவும் அவரிடம் செல்லும் லைசென்ஸ் இருந்தால் மட்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? கார் எழுபத்தைந்து வயது அப்பா பெயரில். அவர் ஓட்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, லைசென்ஸையும் புதுப்பிக்கவில்லை. தினமும் ஓட்டுவது மகன், இல்லையென்றால் மருமகள். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லாததால் அவருக்கும் அந்த 15 லட்சம் இல்லை. மகன் உரிமையாளர் இல்லாததால் அவனுக்கும் இல்லை. வருடா வருடம் பிரீமியம் மட்டும் போகிறது.

தேர்ட் பார்ட்டியில் கேட்கலாமே என்பீர்கள். கர்நாடகத்தில் ஒருவர் நண்பரின் பைக்கை வாங்கி ஓட்டிப் போய், முன்னால் போன மாட்டு வண்டியில் மோதி இறந்துபோனார். 2009-ல் உச்ச நீதிமன்றம், வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அதனால் அவர் குடும்பம் மூன்றாம் நபர் போல அந்தப் பிரிவில் இழப்பீடு கேட்க முடியாது என்றது. 2020-ல் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் அதையே சொல்லிவிட்டு, ஓனர்-டிரைவர் தொகையை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கும் அந்தக் குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒன்று கவனியுங்கள்: மகன் தானாகத் தூணில் மோதினால் எதிர்த்தரப்பு என்று யாருமே இல்லை.

என்ன செய்யலாம்? தினமும் ஓட்டுகிறவர் பெயருக்கு ஆர்.சி.யை மாற்றுவது ஒரு வழி. அலைச்சல் உண்டு, மாற்றிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், ஓட்டுகிற ஒவ்வொருவரும் தனி நபர் விபத்துக் காப்பீடு எடுப்பதுதான் நல்லது. எந்தக் காரில் போனாலும், பைக்கில் போனாலும், ரோட்டைக் கடந்தாலும் அது கூடவே வரும். பெயர் குறிப்பிட்ட நபர்களுக்கான விபத்துக் காப்பீட்டைக் கார் பாலிசியிலேயே சேர்ப்பதும் உண்டு. நம் ஊர் பாலிசியில் 'இன்னொருவர் பெயரைச் சேர்க்க' இடம் இருக்கிறது என்றால் அது இதுதான். தொகை வழக்கமாக ஆளுக்கு 2 லட்சம் வரைதான், பிரீமியமும் சொற்பம்.

டிரைவர் வைத்திருப்பவர்கள் 'ஐ.எம்.டி. 28' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவருக்கு அடிபட்டால் முதலாளியாக உங்கள் மேல் வரும் பொறுப்புக்கான வரி அது. ஆண்டுக்கு 50 ரூபாய். ஐம்பதுதான், சைபர் விட்டுப்போகவில்லை. அடிக்கடி ஆக்டிங் டிரைவர் கூப்பிடுகிறவர்களும் அந்த வரி தங்களுக்குப் பொருந்துமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

பாலிசி புரியாதவர்கள் பிரின்ட் எடுத்து ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளப் ஹாலுக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். ஆர்.சி.யையும், வீட்டில் ஓட்டுகிற எல்லோருடைய லைசென்ஸையும் கையோடு கொண்டுவாருங்கள்.