அறாமல் பொய் சொல்லும் கம்பி



இரும்பு ஆணி துருப்பிடிக்கும் சோதனையை நாம் எல்லோரும் வகுப்பில் செய்து காட்டியிருப்போம். "காற்றும் நீரும் சேர்ந்தால் துரு" என்று மாணவர்கள் எழுதுவதோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. அதை ஓர் உலைக்குள் சற்று நீட்டிப் பார்ப்போம்.

ஆயிரம் டிகிரி செல்சியஸ் உலையில் பாதரச வெப்பமானி உதவாது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பயன்படுவது வெப்ப மின்னிரட்டை. இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் உண்டாகும். 1821-இல் சீபெக் கண்டறிந்த விளைவு இது. பெரிதும் வழக்கத்தில் உள்ள 'கே' வகையில் ஒரு கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்தது. மற்றது பெரும்பகுதி நிக்கல்.

காற்று தாராளமாக இருந்தால் கம்பியின் மேல் ஆக்சைடு படலம் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காப்பதும் இத்தகைய படலமே. ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போதுதான் ஆபத்து. ஏறத்தாழ 800 முதல் 1,050 டிகிரி வரையில், குறுகிய குழாய்க்குள் சிக்கிய சிறிதளவு ஆக்சிஜன், நிக்கலை விட்டுவிட்டுக் குரோமியத்தை மட்டும் தாக்குகிறது. பச்சை நிற ஆக்சைடு தோன்றுவதால் இதைப் 'பச்சை அழுகல்' என்பார்கள்.

கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும். இதுவோ அறாமலேயே உண்மையைவிடக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும். கட்டுப்பாட்டுக் கருவி அதை நம்பி மேலும் சூடேற்றும். உலையில் உள்ள பொருள் பாழாகும்.

காக்கும் வழிகள் உண்டு. குழாயை அகலமாக்கிக் காற்றோட்டம் தரலாம். அல்லது மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி நிரப்பிய உலோக உறைக்குள் கம்பியை முழுவதும் அடைத்துவிடலாம். சிலிக்கான் கூடுதலாகச் சேர்த்த 'என்' வகையையும் பயன்படுத்தலாம். இன்னும் மிகுந்த வெப்பத்துக்குப் பிளாட்டினம்–ரோடியம் கம்பிகளை அலுமினா குழாயில் வைக்கிறார்கள். 2,000 டிகிரியைத் தாண்டும் டங்ஸ்டன்–ரீனியம் கம்பிகளோ காற்றுப் பட்டால் விரைவில் வீணாகும். அவற்றுக்கு வெற்றிடமோ மந்த வாயுவோ தேவை. பழைய குண்டு பல்பில் மந்த வாயு அடைத்த காரணத்தை இங்கே மாணவர்களிடமே கேட்கலாம்.

கருவி ஓர் எண்ணைக் காட்டினால் அதை அப்படியே எழுதிக்கொள்வது நம் மாணவர்களின் வழக்கம். அடுத்த முறை வெப்பமானியைக் கொடுக்கும்போது, முதலில் அதை உருகும் பனிக்கட்டியில் வைத்து, சுழியைக் காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும். நாளை உலைக்கு முன் நிற்கப்போகும் ஒரு மாணவருக்கு அந்தப் பழக்கம் துணை நிற்கும்.