கருப்பையின் வடிவமும் கர்ப்பமும்

பெண்சிசு தாய் வயிற்றில் வளருங்காலத்து, இரு குழாய்கள் ஒன்றுகூடியே அதன் கருப்பை உருவாகின்றது. இடைச்சுவர் பின்னர் மறைந்துவிடும். குழாய்கள் முற்றும் இணையாவிடின் கருப்பை இருகொம்பு வடிவாகும்; சுவர் மறையாது நின்றால் உள்ளே இரு பிரிவாகும். முன்னதிற் குறைமாதப் பிரசவமும், பின்னதிற் கருச்சிதைவும் கூடுதலாக நேரலாம். எனினும், இத்தகைய தாய்மார் பலர் நிறைமாதத்திற் சுகமாகப் பிள்ளை பெறுகின்றனர். சுவரை அறுத்து நீக்குவதால் நன்மை உண்டென 2021இல் வெளியான ஒப்பீட்டாய்வு மெய்ப்பிக்கவில்லை. ஆதலின் சத்திரசிகிச்சைக்கு விரையாது நிபுணருடன் கலந்தாலோசித்தல் நன்று.

கரு தங்காத பெண்ணை, "என்ன பாவஞ் செய்தாளோ" என ஏசுவோர் உளர். அவ்வடிவு அவள் பிறக்குமுன்னரே அமைந்ததாகும். பழிச்சொல்லை விடுத்து, அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலே சுற்றத்தார் கடன்.