பொது மின்னேற்று நிலையமும் நமது கடமையும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மின்சார வண்டிகளுக்கு மின்னேற்றும் பொது நிலையமாகும். சார்ஜிங் ஸ்டேஷன் என்று யாவரும் வழங்குவது இதுவே. கல்வி, விவாகம், கைத்தொழில் முதலியவற்றைப் பற்றியே பேசிவந்த இச்சபையில் இதற்கு இடமென்ன என்று சிலர் எண்ணக்கூடும். நம்மவருள் மின்சார வண்டி வாங்குவோர் தொகை பெருகி வருகிறது. அவருள் ஆட்டோ ஓட்டிப் பிழைப்போரும், வீடு வீடாகப் பண்டம் கொண்டு சேர்க்கும் இளைஞர்களும் உளர். அவர்கட்கு வண்டி ஆடம்பரப் பொருளன்று. அன்றாட உலைக்கு அரிசி தரும் கருவியாகும். ஆதலின் இது நம் குடும்பங்களைப் பற்றிய விஷயமே என்பதில் ஐயமில்லை.

சொந்த வீடும் வண்டி நிறுத்த இடமும் உடையார் இரவில் தம் வீட்டிலேயே மின்னேற்றிக் கொள்வர். அவர்க்குப் பொது நிலையம் தூரப் பிரயாணத்தின்போது மட்டுமே வேண்டுவது. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கும், ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்பவருக்கும் அவ்வசதி ஏது? வீட்டில் கிணறு இல்லாதார்க்கு ஊர்க்கிணறு எவ்வாறோ, இவர்கட்குப் பொது மின்னேற்று நிலையமும் அவ்வாறே. எனவே அந்நிலையத்தைச் செம்மையாகப் பயன்படுத்துதல் என்பது வசதியுள்ளவர் வசதியற்றவர்க்குச் செய்யும் கடமை என்றே நாம் கொள்ளுதல் வேண்டும்.

அரசாங்கத்தார் இத்துறையில் செய்துள்ளவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். வண்டிக்கு மின்னேற்றுதல் ஒரு சேவையேயாகும், அதற்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டுவதில்லை என்று மத்திய மின்சார அமைச்சகத்தார் 2018 ஏப்ரல் மாதத்தில் தெளிவுபடுத்தினர். இதனால் கடைக்காரரும், சங்கத்தாரும், உரிய விதிகளுக்கு உட்பட்டு நிலையம் வைக்கலாம் என்றாயிற்று. 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிமுறைகளில், நகரங்களில் 3 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிலையமேனும் இருத்தல் வேண்டுமென்றும், நெடுஞ்சாலைகளில் இருமருங்கிலும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டுமென்றும் குறித்தனர். 2024 அக்டோபரில் தொடங்கிய 10,900 கோடி ரூபாய்த் திட்டத்தில், 2,000 கோடி ரூபாய் மின்னேற்று நிலையங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் பெருந்தொகையான மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாவதை நாம் அறிவோம். வண்டியும் வந்தது, சட்டமும் இடந்தந்தது. இனி வேண்டுவது நம்முடைய ஒழுங்கு.

ஒழுங்கைப் பற்றிப் பேசுமுன் மின்னேற்றத்தின் இயல்பை அறிதல் நலம். நம் வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட் என்பது யாதோ, அதுவே வண்டியின் பாட்டரியை அளக்கும் கிலோவாட்-மணி. 30 யூனிட் கொள்ளும் பாட்டரியுடைய சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு மீதியிருக்க, ஐந்தில் நான்கு பங்கு வரை, அதாவது 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்றுவதற்கு 18 யூனிட் வேண்டும். 3.3 கிலோவாட் தரும் சாதாரண இணைப்பில் இதற்கு ஏறக்குறைய 6 மணி நேரமாகும். 7.2 கிலோவாட் இணைப்பில், வண்டி அதை ஏற்குமாயின், சுமார் இரண்டரை மணி. 50 கிலோவாட் வேக நிலையத்தில் அரைமணி முதல் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். ஸ்கூட்டரின் பாட்டரியோ பெரும்பாலும் 3 யூனிட் அளவினதே.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? நம் கம்பிகளில் வருவது மாறுதிசை மின்சாரம். பாட்டரியோ நேர்திசை மின்சாரத்தையே ஏற்கும். சாதாரண நிலையத்தில் அம்மாற்றத்தை வண்டிக்குள் இருக்கும் சிறு கருவி செய்கிறது, ஆகவே மெதுவாகும். வேக நிலையத்தில் நிலையத்தின் பெரிய கருவியே மாற்றி நேராகப் பாட்டரிக்கு அனுப்புகிறது. பொருத்திகளும் ஒரே விதமானவை அல்ல. கார்களுக்கு டைப்-2, சி.சி.எஸ்-2 என்பன வழக்கத்தில் உள்ளன. ஸ்கூட்டர் முதலிய இலகு வண்டிகளுக்கெனத் தனிப் பொருத்தியொன்றை இந்திய தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஏற்றுக்கொண்டது. தம் வண்டிக்கு எது பொருந்தும் என்பதைப் புறப்படுமுன் அறிந்துகொள்ளாதார் வீண் அலைச்சல் அடைவர்.

இங்கே முக்கியமான ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். பாட்டரி நிறைய நிறைய மின்சாரத்தை ஏற்கும் வேகம் குறையும். சினிமாக் கொட்டகையில் முதலில் வருவோர் விரைந்து அமர்வர். இடம் நிறைந்தபின் வருவோர் காலியிடம் தேடித் தடவுவர் அன்றோ? அதுபோலவே, 80 சதவீதத்திற்கு மேல் ஏற்றினால் பாட்டரிக்குத் தீங்கு வாராதிருக்க வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்திற்கு, முன் ஆன நேரமே மறுபடியும் ஆகக்கூடும். வேக நிலையத்தில் நான்கு வண்டிகள் வரிசையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 40 நிமிஷத்தில் 80 சதவீதத்தோடு விலகினால், நான்காமவர் 2 மணி நேரத்தில் இடம் பெறுவார். ஒவ்வொருவரும் முழுதும் நிரப்பிக்கொண்டே போவேன் என்று 80 நிமிஷம் நின்றால், அவர் 4 மணி நேரம் காத்திருப்பார். அந்நான்காமவர் ஆட்டோ ஓட்டுபவரானால், அவ்விரண்டு மணி நேரக் கூலியை அவர் வீட்டார் இழப்பர். தூரப் பிரயாணம் போன்ற மெய்யான தேவையிருந்தாலன்றி, வரிசை உள்ள இடத்தில் 80 சதவீதத்தோடு எழுந்துவிடுதலே அறம்.

இன்னும் சில முறைகளையும் நாம் கைக்கொள்ள வேண்டும். மின்னேற்றம் முடிந்தபின் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைத்தெருவுக்குச் செல்லலாகாது. அமெரிக்க டெஸ்லா கம்பெனியார் இக்குற்றத்திற்கெனவே 2016 டிசம்பரில் தனிக் கட்டணம் விதிக்கத் தொடங்கினர் என்றால், இது எங்குமுள்ள குறை என்பது விளங்கும். பெட்ரோல் வண்டியை அவ்விடத்தில் நிறுத்துதல் ஊர்க்கிணற்றின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும். பிறர் வண்டியில் பொருத்தியிருப்பதை அவர் சம்மதமின்றிக் கழற்றலாகாது. பயன்படுத்தியபின் கம்பியைத் தரையில் எறியாது அதற்குரிய கொக்கியில் மாட்டுதல் வேண்டும். பொருத்தியில் பிளவோ கருகலோ கண்டால் தொடாது, நிலையத்தில் எழுதியுள்ள எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். மழையைத் தாங்குமாறே இக்கருவிகள் செய்யப்பட்டுள்ளன. ஆயினும் வெள்ளம் தேங்கிய இடத்தில் அவற்றை அணுகலாகாது. குழந்தைகளை அங்கே விளையாட விடுதல் ஒருபோதும் தகாது.

இனி நம் சங்கத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். நமது கல்யாண மண்டபத்தின் வெளிப்புறத்தில் ஒரு நிலையம் வைத்தலாகாதா என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். தகும் என்பதே நம் கருத்து. வேக நிலையத்திற்குப் பெரிய மின் இணைப்பும் மிகுந்த பொருளும் வேண்டும். ஆகையால் 3.3 கிலோவாட் இணைப்புகள் மூன்றைக்கொண்டு தொடங்குவது நலம். மூன்றும் ஒருங்கே வேலை செய்தாலும் 10 கிலோவாட்டுக்குள் அடங்கும். முதலில் நம் இணைப்பு அதைத் தாங்குமா என்பதை மின் வாரியத்தாரிடம் விசாரித்து, லைசென்ஸ் பெற்ற மின் பணியாளரைக்கொண்டு மண்கம்பி முதலியன பரிசோதித்தல் வேண்டும். முகூர்த்த நாட்களின் கூட்டம் வழிமறியாதபடி தெருவை நோக்கிய மதிற்புறமே அதற்கு ஏற்ற இடம். மின் கட்டணமும் பராமரிப்புச் செலவும் தவிர, இலாபம் கருதி ஒரு காசும் வாங்கலாகாது.

சங்கப் பணத்தில் வைப்பது நம்மவர்க்கே உரியதாக இருக்கட்டும் என்று கூறுவாரும் நம்முள் உளர். அவர் நோக்கம் சங்கப் பற்றே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சற்றுச் சிந்திக்க வேண்டும். இந்நாட்டில் பொதுக் குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காக 1927-இல் மகாத் நகரில் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து செல்ல நேர்ந்தது. கிணறு, குளம், சாலை, பொதுமக்கள் கூடுமிடம் ஆகியவற்றில் ஜாதியின் பெயரால் ஒருவரையும் தடுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு விதிக்கிறது. மின்சாரக் கம்பி ஒன்றை நட்டு, அக்காலத்துக் கிணற்றுச் சுவரை அதைச் சுற்றி மீண்டும் எழுப்புவது நமக்குப் பெருமையாகுமா? நம் பிள்ளைகளும் வேறூர்களில் பிறர் வைத்த நிலையங்களையே நாடி நிற்கிறார்கள். அவர்களை எவரேனும் குலம் கேட்டால் நமக்கு எப்படியிருக்கும்? எனவே முன் வந்தவர்க்கு முன் என்ற ஒரே விதியோடு அது யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். நம் சங்கத்தின் பெயர் அதன்மேல் எழுதப்பட்டிருக்குமானால், அந்நியர் ஒருவர் மின்னேற்றிக்கொண்டு மனங்குளிர்ந்து செல்வதே அப்பெயருக்குச் சிறப்பு.

ஆகவே நிர்வாகக் கமிட்டியார் இவ்விஷயத்தை ஆலோசித்து, செலவுத் திட்டமொன்றை அடுத்த கூட்டத்தில் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். அங்கத்தினர்கள், அதுவரை காத்திராமல், மேற்சொன்ன முறைகளை இன்றே கைக்கொண்டு தம் மக்களுக்கும் கற்பித்தல் வேண்டும்.