பாடமும் பயிற்சியும் இணைந்த நான்காண்டுகள்

நல்லாசிரியர் என்பவர் கற்பிக்கும் பொருளையும், கற்கும் மாணவரையும் ஒருசேர அறிந்தவராக இருத்தல் வேண்டும். ஆயினும், நம் நாட்டில் இவ்விரு அறிவும் பெரும்பாலும் வெவ்வேறு கல்லூரிகளில் ஒன்றன்பின் ஒன்றாகவே புகட்டப்பட்டு வந்துள்ளன. முதலில் பட்டம், பின்னர் பி.எட். என்பதே வழக்கம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்த இடங்களுள் மைசூர் குறிப்பிடத்தக்கது.

சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளைத் தொடங்கப் பரிந்துரைத்தது. தொழில்நுட்பம், வேளாண்மை, வணிகம் ஆகியவற்றையும் கற்பிக்கும் அப்பள்ளிகளுக்குத் தகுதியுள்ள ஆசிரியர் தேவைப்பட்டனர். அதன் பொருட்டு ஆஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டன. தென் மாநிலங்களுக்கு உரிய மைசூர்க் கல்லூரி 1963இல் தோன்றியது.

பல்நோக்குப் பள்ளித் திட்டம் நாளடைவில் தளர்ந்து மறைந்தது. ஆனால், மைசூரில் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு நிலைத்து நின்றது. மேல்நிலைக் கல்வி முடித்த மாணவர் இயற்பியல், வேதியியல், கணிதம் முதலியவற்றைப் பயிலும்போதே கல்வி உளவியலையும் கற்பிக்கும் முறைகளையும் பயில்கிறார். வளாகத்திலேயே செயல்விளக்கப் பள்ளி ஒன்றும் உண்டு. ஒரு கருத்து மாணவனுக்கு ஏன் விளங்கவில்லை என்ற வினா, இங்கே பாட அறிவையும் சேர்த்தே சோதிக்கிறது.

இதில் பொருளாதார நன்மையும் உண்டு. 2015 முதல் பி.எட். ஈராண்டுப் படிப்பாயிற்று. எனவே, மூன்றாண்டுப் பட்டத்திற்குப் பின் அதைப் பயில்வோர்க்கு ஐந்தாண்டுகள் தேவை. ஒருங்கிணைந்த படிப்பில் ஓராண்டு மிச்சம். எளிய குடும்பத்திற்கு ஓராண்டுச் செலவு குறைவதும், ஓராண்டு ஊதியம் முன்னதாகக் கிடைப்பதும் சிறிய உதவியல்ல.

குறைகளும் இல்லாமல் இல்லை. பதினேழு, பதினெட்டு வயதிலேயே தொழிலைத் தெரிந்தெடுக்க வேண்டியுள்ளது. ஒரு சில நிறுவனங்களால் நாட்டின் தேவை முழுவதையும் நிறைவு செய்யவும் இயலாது.

நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். பட்டமே 2030க்குள் ஆசிரியர்க்குரிய குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. பல கல்லூரிகள் இவ்வழியை மேற்கொள்ளும்போது, ஆண்டுக் கணக்கை மட்டும் பின்பற்றினால் போதாது. பாடத்தில் ஆழ்ந்த பேராசிரியர்கள், நல்ல ஆய்வுக்கூடம், பயிற்சிக்கு அருகிலேயே ஒரு பள்ளி ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுக்குச் செலவிடத் தயங்கினால் பட்டங்கள் பெருகும், ஆசிரியர் பெருகார். அதன் இழப்பு கிராமப் பள்ளி மாணவனையே முதலில் சேரும்.