மோசடியை மறைப்பது மானம் காப்பதாகுமா?

 

சந்தையிலே குவிக்கப்பட்டிருந்த தானியத்தினுள் நபி (ஸல்) அவர்கள் தமது கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வியாபாரியைக் கண்டித்து, மோசடிக்காரர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இன்று அத்தகைய குவியல் 'முழாரபா முதலீடு' என்ற பெயரில் நம் வீட்டு வாசலுக்கே வருகின்றது. மாதந்தோறும் குறித்த தொகை இலாபம், முதலுக்கு முழு உத்தரவாதம் என்கின்றனர். உண்மையான முழாரபாவில் இலாபம் விகிதாசாரப்படியே பகிரப்படும். தொழில் நடத்துபவரின் தவறின்றி நட்டம் ஏற்பட்டால் அது முதலிட்டவரையே சாரும். எனவே நட்டமே இல்லாத நிலையான இலாபம் வாக்களிக்கப்படுமாயின் அது முழாரபாவன்று. என்ன வியாபாரம் எனக் கேட்டால் தெளிவான பதிலில்லை; கணக்கறிக்கை இல்லை; ஆள் சேர்த்தால் மட்டும் தரகுப்பணம் உண்டு. புதியவரின் முதலே பழையவருக்கு இலாபமாகக் கொடுக்கப்படுகின்றது என்பதற்கு இவை அடையாளங்களாகும். புதியவர் வரவு குறையும் நாளில் விதவையின் சேமிப்பும், குமர்க் காரியத்துக்கு வைத்த பணமும், ஹஜ்ஜுக்கெனச் சேர்த்த தொகையும் ஒருசேர அழிந்துபோகும்.

பொதுமக்களிடம் அதிகாரமின்றி வைப்புப் பணம் பெறுவது 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி குற்றமாகும். கம்பனிப் பதிவுச் சான்றிதழ் அந்த அதிகாரத்தைத் தருவதில்லை. பிரமிட் திட்டங்களை வங்கித்தொழில் சட்டம் தடைசெய்துள்ளது. இளைஞர்களே! சிறு தொகைக்கு ஆசைப்பட்டு உங்கள் வங்கிக் கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ பிறர் பணம் கடத்தக் கொடுக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் நீங்களும் விசாரணைக்கு உள்ளாகலாம். பெற்றோர்களே! தொழிலில்லாத பிள்ளையின் கையில் திடீரெனப் பணம் புழங்கினால், அது வந்த வழியைக் கேளுங்கள்.

அன்பர்களே! "நமது ஆளை நாமே பொலிஸில் காட்டிக் கொடுப்பதா? ஒரு முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டாமா?" எனச் சிலர் கேட்கின்றனர். குறையை மறைத்தல் உயர்ந்த பண்புதான். ஆயினும் தீங்கு விளைவிப்பவராக அறியப்பட்டவருக்கு அது பொருந்தாது என்றும், பெருந்தீங்கு விளையும் என்ற அச்சமில்லாதபோது அவரது விடயத்தை அதிகாரமுடையோரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் இமாம் நவவி (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் விளக்கியுள்ளார்கள். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக அமையினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு ஸூரா அந்நிஸாவின் 135 ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. அவ்வாறிருக்க, மோசடிக்காரர் பள்ளிவாசலின் முதல் ஸப்பில் நிற்பவர் என்பதற்காக நாம் வாய்மூடி இருக்கலாமா? அநியாயக்காரச் சகோதரனுக்குச் செய்யும் உதவி, அவனது கரத்தைத் தடுப்பதேயாகும்.

அதேவேளை, ஊர்வாய்ப் பேச்சை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். செய்தியைத் தெளிவாக விசாரிக்குமாறு ஸூரா அல்ஹுஜுராத் பணிக்கின்றது. பற்றுச்சீட்டு, ஒப்பந்தம், குறுஞ்செய்தி யாவற்றையும் பேணி வையுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கியிடம் கேட்டறியுங்கள். சந்தேகம் வலுத்தால் பொலிஸ் நிலையத்திலோ மத்திய வங்கியிலோ உடனே முறையிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொரு குடும்பம் தன் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றது.

உண்மையைக் கண்டறியும் தெளிவையும் அதனை எடுத்துரைக்கும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.