ஒரு படமும் அதற்கு எழுந்த கூப்பாடும்

(சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாயிருக்கலாம். சிலருக்குச் சிரிப்பாகவும் இருக்கலாம். சிரிப்பு வந்தால் சிரித்து விடுங்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு, எதற்காகச் சிரித்தோம் என்று உங்களை நீங்களே ஒருமுறை கேட்டுக் கொள்ளுங்கள். அவ்வளவு செய்தால் நாம் இங்கு வந்து பேசியதற்குப் பலன் கிடைத்துவிட்டதென்றே கருதுவோம்.

அமெரிக்காவில் 2011-ஆம் வருஷத்தில் ஒரு படம் வெளிவந்தது. ராஜா ராணி கதையல்ல. ஒரு மனிதருடைய வாழ்க்கையில் நடந்ததை நடந்தபடியே பிடித்துக் காட்டும் ஆவணப் படம். 'பிகமிங் சாஸ்' என்பது அதன் பெயர். 'சாஸ் ஆகுதல்' என்று தமிழில் சொல்லலாம். ஃபென்டன் பெய்லி, ராண்டி பார்படோ என்ற இருவர் எடுத்தது. அவ்வருஷம் ஜனவரி மாதத்தில் யூட்டா மாகாணத்தில் நடந்த சன்டான்ஸ் பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, மே மாதத்தில் ஓப்ரா வின்ஃப்ரே அம்மையாரின் டெலிவிஷன் மூலம் வீடுகளுக்கே வந்து சேர்ந்தது.

இந்தச் சாஸ் போனோ என்பவர் யார்? சன்னி போனோ, ஷேர் என்று அந்நாட்டில் பெரும்பேர் பெற்ற பாட்டுக்கார தம்பதிகளின் பிள்ளை. 1969-இல் பிறந்தவர். பிறந்தபோது பெண் என்று எழுதி வைத்தார்கள். 1970-களின் துவக்கத்தில் தாயும் தகப்பனும் டெலிவிஷனில் ஆடிப் பாடி நடத்தி வந்த நிகழ்ச்சியில் இந்தக் குழந்தையையும் இடுப்பில் தூக்கி வந்து காட்டுவார்கள். ஆகவே தேசம் முழுதும் இவரைப் 'பெண் குழந்தை'யாகப் பார்த்துப் பழகியிருந்தது. அப்படிப்பட்டவர் 1995-இல், தாம் பெண்களையே நேசிப்பவர் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதன் பின்னும் மனதிலிருந்த முடிச்சு அவிழவில்லை. தாம் பெண்ணல்ல, ஆணே என்பதுதான் உண்மை என்று தெளிந்து, நாற்பது வயதில், 2009-இல் அதை வெளியிட்டு, வைத்தியத்தைத் துவக்கினார். 2010 மே மாதத்தில் கலிபோர்னியாக் கோர்ட்டில் பெயரையும் பாலையும் சட்டப்படி மாற்றிக் கொண்டார். இதைத்தான் படம் காட்டுகிறது. இப்படி, பெண் என்று எழுதப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து வாழ்கிறவரை இப்பொழுது தமிழில் திருநம்பி என்று சொல்லுகிறோம். திருநங்கை என்ற சொல்லை அறிந்தவர்களிலுங்கூடப் பலர் இச்சொல்லை அறியார்கள்.

வைத்தியம் என்றவுடன் ஏதோ மாய மந்திரம் என்று நினைத்து விடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் என்று ஒரு சுரப்பு நீர் இருக்கிறது. அது ஆண் உடம்பில் அதிகம் சுரக்கிறது, பெண் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கத்தான் செய்கிறது. அதை ஊசி மூலமோ, தோலில் தடவும் மருந்து மூலமோ உடம்பில் ஏற்றினால், குரல் தடிக்கிறது, மீசை தாடி முளைக்கிறது, மாதவிலக்கு நின்று விடுகிறது, சதை இறுகுகிறது. வேண்டுவோர் ரண சிகிச்சை செய்து மார்பை எடுத்துக் கொள்ளுகிறார்கள். சாஸ் போனோ இவ்விரண்டையும் செய்து கொண்டார். சிகிச்சைக்குப் போவதும் திரும்புவதும், வீட்டில் துணைவியார் இந்த மாறுதலைக் கண்டு தடுமாறுவதும், சண்டையும் சமாதானமும் எல்லாம் படத்தில் ஒளிவு மறைவின்றி வருகின்றன.

நிற்க, ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பார்ப்போம். படம் வந்த மே மாதத்தில் அவ்வளவு பெரிய கலகம் எழவில்லை. 'பாவம், என்ன கஷ்டமோ' என்று சொன்னவர்கள் உண்டு. கண்ணீர் விட்டவர்களும் உண்டு. ஆனால் அதே வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்' என்ற நடனப் போட்டியில் மற்றப் பிரபலஸ்தர்களோடு சாஸ் போனோவும் ஆடப் போகிறார் என்று ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனியார் அறிவித்த உடனே பிடித்துக் கொண்டது கூப்பாடு! கம்பெனியாரின் இண்டர்நெட் பலகையில் வசைமாரி பொழிந்தார்கள். ஆதரித்து எழுதினவர்களும் அநேகர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பத்து லட்சம் தாய்மார்கள்' என்று பெயர் வைத்துக் கொண்ட ஒரு மதச் சார்புள்ள கூட்டத்தார், அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதீர்கள் என்றார்கள். ஒரு மனோதத்துவ டாக்டர், உங்கள் குழந்தைகளைப் பார்க்க விடாதீர்கள், அவர்களுக்கும் குழப்பம் வந்துவிடும் என்று எழுதினார்.

தோழர்களே! இங்குதான் நீங்கள் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். அதே மனிதர், அதே உடம்பு. மே மாதத்தில் பரிதாபம், செப்டம்பரில் ஆத்திரம் என்றால் இதற்குக் காரணம் என்ன? படத்தில் அவர் நோயாளியாகப் படுத்திருந்தார், அழுதார், கஷ்டப்பட்டார். நடனத்திலோ நல்ல உடை உடுத்தி, எல்லோரோடும் சரிசமமாக நின்று, சந்தோஷமாக ஆடினார். திண்ணையில் உட்கார வைத்து இலை போடுகிற வரையில் தர்மப் பிரபுவாக இருக்கிறவன், அதே ஆள் பந்தியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் இலையை உதறிவிட்டு எழுந்திருக்கிறானே, அந்தக் கதைதான் இது. இந்த நோயை நாம் நம் ஊரிலேயே நன்றாகப் பார்த்தவர்களாதலால், அமெரிக்கா போய் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒருவன்மீது பரிதாபப்படுவது வேறு, அவனுக்கும் நமக்குள்ள மானம் உண்டென்று ஒப்புக் கொள்வது வேறு.

இனி, அவர்கள் சொன்ன ஆக்ஷேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

'கடவுள் படைத்தபடி இருக்க வேண்டும்' என்பது ஒன்று. அப்படியானால் இதைச் சொல்லுகிறவர்கள் சவரம் செய்து கொள்ளலாமா? கண்ணாடி போடலாமா? குழந்தைக்குக் காது குத்தலாமா? குடல்வால் வீங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வயிற்றைக் கிழித்துக் கொள்ளலாமா? தன் பல் விழுந்தால் பொய்ப் பல் கட்டிக் கொள்ளுகிறவர், அடுத்தவர் உடம்பென்றால் மாத்திரம் கடவுளுக்கு வக்கீலாக வந்து நிற்பதேன்?

'இது பைத்தியம்' என்பது இரண்டாவது. உலகத்து வியாதிகளையெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தார், 2019-இல் ஒப்புக்கொள்ளப்பட்டு 2022-இல் அமுலுக்கு வந்த தங்கள் பதினோராவது பட்டியலில், இதை மனோவியாதிகளின் பகுதியிலிருந்தே எடுத்து விட்டார்கள். பைத்தியம் என்று சொல்லி வாயை மூட நினைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

'குழந்தைகள் கெட்டுவிடும்' என்பது மூன்றாவது. சாஸ் போனோ சிறு வயதில் பார்த்த டெலிவிஷனில் திருநம்பி யாரும் வரவில்லை. அவரைச் சுற்றியிருந்ததெல்லாம் ஆணும் பெண்ணுமாக இருந்த சாதாரண ஜனங்களே. பார்ப்பதால்தான் ஒருவர் இப்படி ஆகிறார் என்றால் அவர் எதைப் பார்த்து ஆனார்? அவ்வருஷம் அக்டோபரில் போட்டியிலிருந்து விலகும்போது, தம்மைப் போன்ற ஒருவரைச் சிறு வயதில் டெலிவிஷனில் பார்த்திருந்தால் தம் வாழ்வே வேறு விதமாக இருந்திருக்கும் என்று அவரே சொன்னார். ஆறு வாரம் ஆடினார். வானம் இடிந்து எந்தக் குழந்தையின் தலையிலும் விழவில்லை.

'பெண்ணாயிருந்தே சுதந்திரமாக வாழ்ந்திருக்கலாமே, ஏன் ஆணாக வேண்டும்?' என்பது நான்காவது. பெண் விடுதலையில் அக்கறையுள்ளவர்களிலும் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், இவருக்குப் பெண்ணாயிருந்தபோது பணமில்லையா, பெயரில்லையா, விரும்பியவரோடு வாழ முடியவில்லையா? எல்லாம் இருந்தன. ஆண் பிள்ளையின் சலுகைக்காகவே மாறினார் என்றால், அந்தச் சலுகைக்கு இவ்வளவு ஊசியும் கத்தியும் ஊரார் ஏச்சும் விலையாகக் கொடுப்பாரா? பெண்ணுக்கு விடுதலை வேண்டும் என்று நாம் சொல்லுவது, அவள் எப்படி வாழ வேண்டும் என்று பிறர் தீர்மானிக்கக் கூடாதென்பதற்காகத்தான். பெண் என்ற பெயரை வேண்டாமென்கிற ஒருவரை அந்தப் பெயரிலேயே கட்டிப் போடுவது எப்படி விடுதலையாகும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். படம் வந்த சமயத்தில் சாஸ் போனோ ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசுகையில், ஆண் மருந்து ஏறிய பின் வம்பளப்பும் ஓயாப் பேச்சும் தமக்கு எரிச்சலாயிருக்கிறதென்றும், பெண்களிடம் முன்போலப் பொறுமை இல்லையென்றும் கருத்துப்படச் சொன்னார். இதைப் பலர் கண்டித்தார்கள். நாமும் கண்டிக்கிறோம். இது திண்ணையிலிருக்கும் எந்த ஆண் பிள்ளையும் சொல்லுகிற பழைய பல்லவிதான். திருநம்பி என்பதாலேயே ஒருவர் மகானாகி விடுவதில்லை. ஆனால் மகானாயிருந்தால்தான் மனிதனுக்குரிய உரிமை என்று சட்டம் வைத்தால், சட்டம் வைத்தவர்களிலேயே எத்தனை பேர் தேறுவார்கள்?

அந்தத் தாயார் ஷேர் அம்மையாரைப் பாருங்கள். படத்தில் அவரும் வருகிறார். தமக்கு இது கஷ்டமாயிருக்கிறதென்று ஒளிக்காமல் சொல்லுகிறார். நாற்பது வருஷம் 'அவள்' என்று சொன்ன நாக்கு 'அவன்' என்று சொல்லத் தடுமாறுகிறது. ஆனால் அதே தாயார், நடனப் போட்டிக் கலகத்தில் பிள்ளையை ஊரார் தாக்கியபோது முன்னே வந்து பகிரங்கமாகச் சண்டை போட்டார். புரியாமலிருப்பது குற்றமல்ல, தோழர்களே! புரியாத ஒன்றை உதைக்கப் போவதுதான் குற்றம். தமிழில் நமக்கு அந்தத் தடுமாற்றத்திற்கும் அதிக இடமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக 'அவர்' என்ற மரியாதைச் சொல் நம்மிடம் இருக்கிறது. அதைக் கொடுக்க மனந்தான் வேண்டும்.

'சரி, நாலு பேர் ஏசினால் என்ன, ஏச்சு காற்றோடு போய்விடும்' என்று நீங்கள் சொல்லலாம். போவதில்லை என்பதற்கு இரண்டு வாழ்க்கைகளைச் சொல்லுகிறோம்.

இங்கிலாந்தில் மைக்கேல் டில்லன் என்று ஒருவர், 1915-இல் பெண் என்று எழுதப்பட்டுப் பிறந்தவர். யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் அமைத்துக் கொடுத்துப் பேர் பெற்ற ஹெரால்டு கில்லீஸ் என்ற டாக்டரிடம் 1946 முதல் பல ரண சிகிச்சைகள் செய்து கொண்டு ஆணானார். தாமே வைத்தியம் படித்து, கப்பல் டாக்டராக ஒருவருக்கும் தீங்கின்றி வாழ்ந்து வந்தார். 1958-இல் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்து, அவர் பழைய சங்கதியைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அவ்வளவுதான். வேலை, ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நம் இந்தியாவுக்கு ஓடி வந்து, புத்த மடங்களில் அடைக்கலம் தேடி, 1962-இல் டல்ஹௌசியில் ஒரு ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

மற்றொருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்து நாட்டுப்புறத்தில் வாழ்ந்த ராபர்ட் ஈட்ஸ் என்ற திருநம்பி. மாறுவதற்கு முன்னே இரண்டு பிள்ளைகளைப் பெற்று, பின்னாளில் பேரனையும் கண்டவர். 1996-இல் அவருக்குக் கருப்பையை அடுத்த சூலகத்தில் புற்றுநோய் கண்டது. இருபதுக்கு மேற்பட்ட டாக்டர்கள் அவரைத் தொட மறுத்து விட்டார்கள். இப்படிப்பட்டவரைச் சேர்த்துக் கொண்டால் தங்கள் வைத்தியசாலைக்குக் கெட்ட பெயர் வரும் என்பது சிலர் சொன்ன காரணம். ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்த்துக் கொண்டபோது காலம் கடந்து விட்டது. 1999 ஜனவரியில், 53-வது வயதில் செத்துப் போனார். அவருடைய கடைசி வருஷத்தைக் கேட் டேவிஸ் என்ற அம்மையார் 'சதர்ன் கம்ஃபர்ட்' என்று படமாக எடுத்தார். அதே சன்டான்ஸ் விழாவில் 2001-இல் அதற்கு முதற் பரிசு கொடுத்தார்கள். செத்தவர் படத்துக்குப் பரிசு கிடைத்தது. உயிரோடிருந்தவருக்கு மருந்து கிடைக்கவில்லை. பத்து வருஷத்திற்குப் பின் சாஸ் போனோ ஆட வந்தபோது முகம் சுளித்தவர்களுடைய சுளிப்பும், அந்த டாக்டர்களுடைய சுளிப்பும் ஒன்றேதான். ஒருவர் கையில் வசை எழுதும் பலகை இருந்தது, மற்றவர் கையில் கத்தியும் மருந்தும் இருந்தன. வித்தியாசம் அவ்வளவே.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ, பெண்ணாக வளர்த்த பிள்ளை ஒருநாள் வந்து, 'நான் ஆண்' என்று சொன்னால், பேயோட்டுகிறவனைத் தேடாதீர்கள். அவசரமாகக் கலியாணம் செய்து வைத்து இரண்டு வாழ்க்கையைப் பாழாக்காதீர்கள். உட்கார வைத்து, சொல்லுவதை முழுதும் கேளுங்கள். விஷயம் தெரிந்த டாக்டரிடம் அழைத்துப் போங்கள். புரியாவிட்டால், புரியவில்லை என்று அந்தத் தாயாரைப் போல வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் வீட்டைவிட்டு வெளியே மாத்திரம் தள்ளாதீர்கள். பரிதாபம் காட்டி ஓரத்தில் உட்கார வைக்கவும் வேண்டாம், பந்தியில் இடம் விடுங்கள்.

நாம் சொன்னவற்றில் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு, மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.